விரலில் தேய்த்துப் பார்த்த ஒயில்

எஞ்சின் ஒயில் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு துளி விட்டுத் தேய்ப்பேன். விரலைப் பிரிக்கும்போது நூல் மாதிரி இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் என் கணக்கில் அது தண்ணீர்.

பெற்றோல் வராத காலத்தில் பிடித்த பழக்கம் இது. சண்டைக் காலத்தில் நெடுந்தீவில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மருந்துப் போத்தலில் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைச் சொட்டு விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைத்துவிடும். அதனால் கிடைத்ததில் தடித்த ஒயிலாகப் பார்த்து ஊற்றுவோம். திருநாளுக்கு வந்த பாதிரியாரின் மோட்டார் சைக்கிளுக்கும் நான்தான் ஒயில் விட்டேன். கோயில் வாசல்வரை புகைத்துக்கொண்டே போனது. ஆனால் போனது.

என் மகளின் புருஷன் போன வருஷம் ஒரு நாலு சில்லு மோட்டார் சைக்கிள் வாங்கினார்; சைக்கிள் கைபிடியும் நாலு தடித்த சக்கரமும் உள்ளது. வேறொரு தீவின் சாட்டிக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஓடிய வண்டி. நெடுந்தீவின் மேற்குக் கரையில் இறங்கும் மீன்பெட்டிகளை மணலிலும் கல்லிலும் இழுத்து, காலைப் படகுக்கு இறங்குதுறையில் சேர்ப்பதுதான் அவர் தொழில். படகு தவறினால் அந்த மீன் கருவாடுதான்.

முதல் தடவை ஒயில் மாற்ற, அந்த வண்டிக்கென்று எண் பார்த்து ஒரு போத்தல் வாங்கி வந்தார். நான் மூடியில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன். இழுபடவில்லை.

"தம்பி, இது தண்ணி. இந்த வெக்கைக்கு இது நிக்காது. லான்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு விடுற தடிச்ச ஒயில் கொட்டிலுக்க கிடக்கு, அதை ஊத்தும்."

அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூடியைத் திருகிப் பூட்டி ஓரமாக வைத்துவிட்டு, நான் சொன்ன ஒயிலை ஊற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு காலை, பெட்டிகளோடு மணல் ஏற்றத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறதாம், சில்லு சுற்றவில்லையாம். அவரும் இன்னும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு துறைக்கு வந்தபோது படகு வெளிக்கிட்டுப் போயிருந்தது. அடுத்த நாளே மீன் முதலாளியான சம்மாட்டி தன் பெட்டிகளை வேறொருவரின் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்.

மெக்கானிக்கின் கராச்சில் வண்டியைக் கழற்றியபோது நானும் குடையோடு நின்றேன். இந்த வண்டியில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடுகின்றனவாம், லான்ட்மாஸ்டர் போன்ற டீசல் எஞ்சினுக்குரிய ஒயிலை விட்டால் வழுக்குமாம். தட்டுகள் கருகிக் கிடந்தன.

"ஆர் இதை விடச் சொன்னது?" என்று மெக்கானிக் கேட்டார்.

"நான்தான் மாறி விட்டிட்டன்" என்றார் மருமகன்.

நான் குடையை மடக்கினேன், பிறகு விரித்தேன்.

வீட்டில் மகளிடம், அவருக்கு இது தெரியாமல் போச்சே என்று இழுத்தேன். மகள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவருக்குத் தெரியும் அப்பா. உங்களை மறுத்துச் சொல்ல ஏலாதெண்டு அந்த ஒயிலை ஊத்தினவர்."

விடிந்ததும் சம்மாட்டியிடம் நடந்தேன். பிழை என்னுடையது, மருமகனுடையதில்லை என்றேன். அவர் சிரித்தார்.

"அண்ணை, மண்ணெண்ணெய்க் காலம் முடிஞ்சுது. ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையே?"

பாதிப் பெட்டிகளை ஏற்றும் வேலையை மருமகனுக்கே திருப்பித் தருவதாகச் சொன்னார். மீதிக்கு உழவு இயந்திரக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

புதுத் தட்டுப் போட்டு வண்டி வந்தது. மருமகன் அன்று ஓரமாக வைத்த போத்தலைத் துடைத்து எடுத்தார். மூடியில் கொஞ்சம் ஊற்றி, தேய்த்துப் பார்க்க என்னிடம் நீட்டினார். அவருடைய முகத்தில் கேலி இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"பாருங்கோ மாமா."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"விடும் தம்பி" என்றேன். "போத்தலில எழுதியிருக்கிற ஒயிலையே ஊத்தும்."

இப்போதும் காலையில் அந்த வண்டி வெளிக்கிட்டால், மணல் ஏற்றம் தாண்டும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதிப் பெட்டிதான் போகிறது. அதனால் லேசாக ஏறிவிடுகிறது.