ஒரே மின்கலத்தில் ஓர் அபாயச்சங்கு

காயலோரக் கொச்சங்காடியில் எங்கள் வீடு தெருவினும் ஒரு முழம் தாழ்ந்தது. அமாவாசை, முழுமதி நாள்களில் காயல் பெருகும்போது நீர் வாயில் வழியாக வருவதில்லை. அடுக்களைக் கழிவுநீர்க் குழாயில் பின்னோக்கி ஏறி உள்ளே புகும். மரக்கட்டையில் சாக்குச் சுற்றிக் குழாயை அடைத்தால் போதும். ஆயின் நாள் முழுதும் அடைத்து வைத்தால் பாத்திரம் கழுவிய நீர் எங்கே செல்லும்? ஏற்றம் தொடங்கும் கணத்தை அறிய வேண்டும், அதுவே இடர்.

சென்ற ஐப்பசியில் அரிசிச் சாக்கு நனைந்த அன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியனான என்னிடம் மனைவி சொன்னாள்: "போதும்னா. இனி ஒரு தடவை அடுக்களையில வெள்ளம் கேறினா நான் இடப்பள்ளிக்கு, மகன் ஃபிளாட்டுக்குப் போயிடுவேன். நீங்க மீனுக்கு இலக்கணம் எடுத்துண்டு இங்கேயே இருங்கோ."

அவள் சொன்னால் செய்பவள். பதினான்காம் மாடியில் வாழ்வதை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. அவள் இல்லாத கொச்சங்காடியையும் எண்ண இயலவில்லை. ஆகவே, நீர் எழும்போதே ஒலிக்கும் ஒரு கருவியை நானே செய்வதெனத் துணிந்தேன்.

நீரை உணர்ந்து ஆணையிடும் சிறு மின்னணுப் பலகைக்கு ஐந்து வோல்ட் வேண்டும், ஒலியெழுப்பும் அபாயச்சங்குக்குப் பன்னிரண்டு. முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனி அடாப்டரில் இணைத்தேன். குழாய் சென்று முடியும் பின்கட்டுக் குழியில் வாளி நீரை ஊற்றிச் சோதித்தபோது சங்கு வாய் திறக்கவில்லை. கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைப்பது மனைவியின் வழக்கம்.

"சுவத்துல சும்மா சூடாயிண்டிருந்தது, அணைச்சேன். தப்பா?"

தவறன்று. ஒரு கையசைவில் செயலிழக்கும் என் அமைப்பே தவறு. பன்னிரண்டு வோல்ட் மின்கலம் ஒன்றை வாங்கினேன். சங்கு அதிலிருந்து நேராக உண்ணும். பலகைக்கு அழுத்தத்தைக் குறைத்துத் தரும் சிறு மாற்றி ஒன்று இடையில் நிற்கும். இனி யார் எந்தச் சுவிட்சை அணைத்தாலும் கருவி விழித்திருக்கும்.

மீண்டும் வாளி நீர். சங்கு "கீக்" என்றது, அடங்கியது. மறுபடியும் "கீக்."

"என்னன்னா, உங்க சங்குக்கு விக்கலா?" என்றாள் மனைவி.

இரண்டு நாள் மின்கலத்தையும் மாற்றியையும் ஐயுற்றேன். மூன்றாம் நாள் அனைத்தையும் துணிப்பையில் இட்டு, கடைவீதியில் வானொலி பழுது பார்ப்பவரிடம் சென்றேன். அவர் அளவுமானியின் முனைகளை வைத்துப் பார்த்தார். சங்கு ஒலிக்கத் தொடங்கியதும் பலகையின் மின்னழுத்தம் சரிந்தது.

"மாஷே, இந்த வயர் எங்கேருந்து?" என்றார். ஆசிரியரை இங்கே அப்படித்தான் விளிப்பார்கள்.

"பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. வீணாக்குவானேன்?"

அவர் சிரித்தார். "நூலு மாதிரி ஒரு வயர்லயா ரெண்டுக்கும் கரண்ட்டு? சங்கு இழுக்குது, பலகை மயங்குது. சங்கு நின்னா பலகை எழுந்திரிக்குது, திரும்ப ஊதச் சொல்லுது. பேட்டரி ஒண்ணு போதும் மாஷே. வயர் வேற வேற வேணும், கேட்டோ?"

சிக்கனத்தில் நான் என் மனைவிக்குச் சற்றும் இளைத்தவன் அல்லேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தடித்த கம்பிகளை விலைக்கு வாங்கினேன். மின்கலத்தின் முனைகளிலிருந்தே சங்குக்கு ஓர் இணை, பலகைக்கு வேறோர் இணை. மாற்றியின் நுழைவாயிலில், கணநேரச் சரிவைத் தாங்கப் பெரிய மின்தேக்கி ஒன்று. பத்து முறை வாளி நீர் ஊற்றினேன். பத்து முறையும் சங்கு விக்காமல் ஒலித்தது.

மார்கழி முழுமதியை ஒட்டிய ஒரு விடியலில், வாளியின்றியே அது ஒலித்தது.

நான் கட்டையைக் குழாயில் பொருத்தினேன். அவசரத்தில் அது சாய்ந்து நின்றது. மனைவி அதை என் கையிலிருந்து பிடுங்கி நேராக வைத்து, "அடிங்கோ!" என்றாள். அம்மிக்குழவியால் அடித்தேன். பின்கட்டுக் குழியில் நீர் படிப்படியாக எழுந்து, அடுக்களைப் படிக்கு இரண்டு விரல் கீழே நின்றது. முக்காலியில் அமர்ந்து, நீர் இறங்கும்வரை அவள் தரையையே பார்த்திருந்தாள். தரை நனையவில்லை.

சாயா குடித்தபின் மகனை அழைத்தாள். "எங்களுக்குன்னு ஒழிச்சு வச்சிருக்கியே, அந்த ரூமுல உன் சாமானைப் போட்டுக்கோடா," என்றாள். பிறகு ஒரு கணம் அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அப்பா இல்லை, நான்தான் சொல்றேன்," என்றாள்.