பதினேழாம் நம்பர் வீடு

எங்கள் தெருவை அழுக்குத் தெரு என்று சொன்ன ஆபீசரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

திருச்சி கோட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் முப்பது ஓட்டு வீடுகள். எல்லாம் முஸ்லிம் ஜட்காக்காரர்கள் வீடு. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாள் சேவிக்கக் கொண்டுபோய் விட்டது எங்கள் அத்தாக்கள்தான். அப்போதெல்லாம் யாருக்கும் எங்கள் குதிரை நாறவில்லை. ரோட்டை அகலமாக்கி ஊரை அழகுபடுத்தப் போகிறோம் என்று கிளம்பினார்களே, அன்றைக்குத்தான் நாறியது.

எனக்கு ஒன்பது வயது. நோன்பு மாதம். அந்த ஆபீசர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். கூட வந்த ஆள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தாரால் ஒரு நம்பர் எழுதினான். எங்களுக்குப் பதினேழு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தெரு வீடுகளுக்குத்தான் நம்பர் இருக்கும். எங்களுக்கும் வந்துவிட்டதே! அது இடிக்கிற வீட்டுக்குப் போடுகிற நம்பர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால் அம்மா சுண்ணாம்பு கரைத்தாள். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இடிக்க இன்னும் ஒரு வாரந்தான். இதுக்கு எதுக்குடி சுண்ணாம்பு?"

"அழுக்குத் தெருன்னான்ல? வந்து பாக்கட்டும்."

அம்மா குதிரைக் கொட்டிலைக்கூட விடவில்லை. அவளைப் பார்த்து அடுத்த வீடு, எதிர்வீடு என்று தெருவே வெள்ளையானது. கண் கூசியது. அத்தா போய்க் குதிரை வாலுக்கு மருதாணி போட்டார்.

ஆனால் என் பதினேழு சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டதே! சக்கரத்துக்குப் போடும் வண்டி மையை விரலில் தொட்டுப் பழைய இடத்திலேயே எழுதினேன். ஒன்று நேராக வந்தது. ஏழு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

அம்மா மிச்சச் சுவருக்கு அடிக்க வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எழுதுனதே எழுதுன, கோணாம எழுதக்கூடாதா?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்தார்கள். பார்த்த வீட்டிலெல்லாம் நம்பர் இல்லை. ஆபீசர் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார்.

"இந்தா, இது ஒண்ணு இருக்கு சார். பதினேழு!" என்றான் கூட வந்தவன்.

"அப்ப இதுலேர்ந்து ஆரம்பிங்க. மத்ததுக்கு நாளைக்கு பிளானை எடுத்துட்டு வருவோம்."

அவர் உள்ளே காலை வைக்கப்போனார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. சுத்தமான வீடு."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார். அந்தக் கடப்பாரை ஆட்களும் கழற்றினார்கள். இடிக்க வந்தவனை வெறுங்காலோடு உள்ளே விட்டவள் என் அம்மா. இதைவிட நான் பெருமைப்பட வேறு என்ன வேண்டும்?

முதலில் எங்கள் வீடுதான் என்று அன்றைக்கு நான் தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன். மற்ற இருபத்தொன்பது வீட்டுக்காரர்களும் அந்த ஒரு நாளில் ஓட்டையும் கதவையும் நிலையையும் முழுசாகக் கழற்றிக்கொண்டார்கள். எங்களுடையது மண்ணோடு மண்ணாகப் போனது. மன்னார்புரத்துக்கு அந்தப் பக்கம் பொட்டல்வெளியில் இரண்டு மழைக்காலம் கதவில்லாத கீற்றுக் கொட்டகையில் இருந்தோம். அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் பதினேழு எழுதியதைப் பார்த்தபோது அவள் கையில் சுண்ணாம்பு மட்டை இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். பக்கத்தில் நிமிர்ந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டு, மட்டையைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.