ஆர்டிஸ் ஸ்கார்ஸ்டாடின் சோள உலை

ஆர்டிஸ் ஸ்கார்ஸ்டாட் என் தந்தையின் அக்காள். மணம் செய்துகொள்ளவில்லை. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் தாத்தா விட்டுச்சென்ற பண்ணையைத் தனியாளாகவே நடத்தினார். குடும்ப வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, உறவினர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளில் அவர் ‘பிடிவாதக்காரி’ என்ற ஒரே சொல்லில் முடிந்திருந்தார். அச்சொல் தவறன்று, ஆனால் போதாது. அவரை அந்த வீட்டிலிருந்து கிளப்ப நாங்கள் முயன்ற குளிர்காலத்தைப் பற்றி, நான் நேரில் கண்டதையும், அவரும் என் தந்தையும் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

வீட்டைச் சூடாக்க எரிக்கும் காஸின் விலை தாறுமாறாக ஏறிய ஆண்டில், அத்தை காஸ் தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஏலம் ஒன்றில் மக்காச்சோளம் எரிக்கும் உலையை வாங்கி வந்து நிலவறையில் நிறுவினார். மேலே தானியப் பெட்டி. அதிலிருந்து சோளத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளும் ஒரு திருகு. அது போய் விழும் இரும்புத் தீக்கிண்ணம். கிண்ணத்துக்குள் காற்றைச் செலுத்தும் விசிறி. அவ்வளவுதான். அதைச் செய்த தொழிற்சாலையை எப்போதோ மூடிவிட்டார்கள். கூடவந்த கையேட்டில் பாதியை எலி தின்றிருந்தது.

தானியக் கிடங்கில் காபி குடிக்கக் கூடுபவர்களுக்கு அந்த ஆண்டு வேறு பேச்சு தேவைப்படவில்லை.

“என்ன ஆர்டிஸ், பன்னிக்குப் போடுறத நீ பத்த வைக்கிறியாமே?” என்று கேட்டார் பக்கத்துப் பண்ணை ஹார்லன்.

“பன்னி தின்னுட்டுத் திரும்பிப் படுத்துக்குது. இது என் காலையாவது சூடாக்குது.”

“சாப்பிடுற பொருளாச்சே, பாவமில்லையா?”

“உன் சோளம் எங்க போகுது? சாராயமாக்கி, பெட்ரோல்ல கலந்து உன் லாரியிலதானே ஊத்துறாங்க? நீ எரிச்சா புண்ணியம், நான் எரிச்சா பாவமா?”

ஆனால் முதல் குளிர்காலத்தில் உலை அவருக்கு அடங்கவில்லை. கண்ணாடி கறுத்தது. கிண்ணத்தின் அடியில் சாம்பல் உருகிக் கிட்டமாக இறுகி, காற்றுத் துளைகளை அடைத்தது. அத்தை திருகின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்; காற்றைக் கூட்டிப் பார்த்தார்; புகைக்குழாயைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். எதுவும் உதவவில்லை.

காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு பிழை. இங்கே மக்காச்சோளம் ‘காய்ந்துவிட்டது’ என்றால், ஈரம் நூற்றுக்குப் பதினைந்தாக இறங்கிவிட்டது என்று பொருள். கிடங்கில் வாங்குவது அந்த அளவில்தான். தொட்டிலில் கிடந்த நாள்முதல் அந்த எண்ணைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அதன் பிறகும் காய இடமுண்டு என்பது எண்ணத்திலேயே வராது. ஒருநாள் புதுச் சோளம் தீர்ந்துபோய், பழைய குதிரின் அடியில் தங்கியிருந்த முந்தைய ஆண்டுச் சோளத்தை வாரிக் கொட்டினார். தீ நிமிர்ந்தது. இரண்டிலும் ஒரு பிடி எடுத்துப்போய்க் கிடங்கின் ஈரமானியில் வைத்துப் பார்த்தார். பழையது பதினொன்று காட்டியது.

“விக்கிறதுக்குக் காஞ்சது வேற, எரிக்கிறதுக்குக் காஞ்சது வேற” என்று அங்கிருந்தவர்களிடம் அறிவித்துவிட்டு வந்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் விட்டிருக்கவும் மாட்டார்.

அதன்பின் அந்த உலை அவர் கைக்குப் பழகியது. சோளத்தோடு ஒட்டிவரும் செந்நிறச் சருகு திருகில் சுற்றாதபடி சலித்துப் போட்டார். கோழிகளுக்கு வாங்கும் சிப்பித் தூளில் ஒரு கை கலந்தால் கிட்டம் கல்லாக இறுகாமல் பொருபொருவென்று வருவதைக் கண்டுகொண்டார். காலையில் முதல் வேலை கிட்டத்தைக் கிளறி எடுப்பது. காபி அதற்குப் பிறகுதான். தீ வெளிர்மஞ்சளாகத் துள்ள வேண்டும். செம்மஞ்சளாகச் சோம்பி அசைந்தால் காற்று போதவில்லை, அல்லது தீனி மிகுதி. அவருடைய கணக்கு அவ்வளவு எளிமையானது.

நிலைமை மாறியது அவர் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்டில். என் தந்தை லோவெல் கவலைப்படுவதைக் கைவேலையாகக் காட்டுபவர். இலையுதிர் காலத்தில் வந்து ஒவ்வொரு ஜன்னலின் உட்புறமும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி முரசுத்தோல்போல் இழுத்துக் கட்டினார். கதவிடுக்குகளை அடைத்தார். நிலவறைச் சுவரில், முன்பு வெளியிலிருந்து நிலக்கரி கொட்டிய பழைய சரிவு இருந்த இடத்து வெடிப்புகளையும் நுரை பீய்ச்சி மூடினார். என் தாய் மார்லிஸ் தம் பங்குக்குச் சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்தச் செய்தார். அத்தை வீட்டுச் சமையல் வாடை தம் கோட்டில் ஏறி ஊர்வரை வருகிறது என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. அத்தை அந்த விசிறியைத் தொடுவதே இல்லை. மாட்டுக்கொட்டகையில் நிற்பதுபோல் இரைகிறது என்றார்.

நவம்பர் நன்றி நாள் விருந்துக்கு நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது உலை அணைந்தது. கோட்டு போட்டுக்கொண்டு வான்கோழியைச் சாப்பிட்டோம். டிசம்பர் முதல் ஞாயிறன்று மறுபடி கூடினோம்; மறுபடி அணைந்தது. தந்தை ஊருக்குள், முதியோருக்கான குடியிருப்பில் காலியாக இருந்த ஓர் அறையை அத்தைக்காகப் பேசி வைத்துவிட்டு வந்தார்.

“நீங்க இல்லாதப்ப அணையறதில்ல, லோவெல்.”

“அதாவது, யாரும் பார்க்காதப்ப நல்லா எரியுது?”

“ஆமா.”

“எங்க வீட்டு நாயும் அப்படித்தான். ஆள் இல்லாதப்ப சொன்ன பேச்சு கேக்கும்.”

“நாயைப் பத்தி உனக்குத்தான் தெரியும். உலையப் பத்தி எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் அணையுது? ஜனவரியில ராத்திரி அணைஞ்சா என்ன பண்ணுவே? அந்த இடுப்ப வெச்சுக்கிட்டுப் படி இறங்குவியா? குழாய் வெடிக்கிறதுக்கு முன்னாடி நீ வெறச்சுப் போவே.”

அத்தை, “கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இங்கதானே சாப்பாடு? அன்னைக்கு உங்க கண் முன்னால அணைஞ்சா, நானே பெட்டிய எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுறேன். அணையலைன்னா இந்தப் பேச்சு இந்த வீட்டுல இனிமே எழக்கூடாது” என்றார்.

“வார்த்தை மாறக்கூடாது.”

“நான் எப்ப மாறினேன்?”

அது உண்மை. எங்கள் குடும்பத்தில் கைகுலுக்குவதுகூடத் தேவைப்படாது. வாயால் சொன்னாலே முடிந்தது. தந்தை குடியிருப்பை நடத்தும் அம்மாளிடமிருந்து அறையின் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இடைப்பட்ட நாட்களில் அத்தை உலையை ஒரு பாகம் விடாமல் பிரித்துத் துடைத்தார். அதன் விசிறியின் இறகுகளில் படிந்திருந்த தூசியைச் சுரண்டினார். சோளத்தை இருமுறை சலித்தார். மூடியின் ஓரத்தில் இடுக்கை அடைக்கும், நைந்திருந்த தீக்காப்புக் கயிற்றைப் புதிதாக மாற்றினார். உலையில் ஒரு குறையும் அவருக்கு அகப்படவில்லை. அதுவே தம்மை அச்சுறுத்தியதாகப் பின்னர் என்னிடம் சொன்னார். குறை இருந்தால் சரிசெய்யலாம். இல்லாத குறையை எதைக்கொண்டு சரிசெய்வது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பகலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது, காற்று வேறு. வீட்டுக்குள் சட்டை மட்டும் போதும் என்னும் வெதுவெதுப்பு. தந்தை நிலவறைக்குப் போய்த் தீயைப் பார்த்துவிட்டு, “இப்ப எரியுது” என்றார். ‘இப்ப’ என்பதை அழுத்திச் சொன்னார்.

அன்றைய சாப்பாடு லூட்டஃபிஸ்க். காரநீரில் ஊறவைத்துக் களியாக்கிய மீன் கருவாடு. நார்வேயிலிருந்து வந்த எங்கள் முன்னோர் எதை விட்டாலும் இதை விடவில்லை. வேகத் தொடங்கியதும் அதன் வாடை சுவருக்குள்ளேயே இறங்கும். என் தாய் கோட்டைக் கழற்றுமுன் சமையலறை விசிறியை முழு வேகத்தில் போட்டார். அத்தை உருளைக்கிழங்கு ரொட்டியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மீனுக்கு ஊற்ற அடுப்பில் வைத்த வெண்ணெய் உருகி முடிவதற்குள் என் தந்தை கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“குளிருதா, லோவெல்?” என்றார் அத்தை.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“கையத் தேய்க்கிறியே.”

“பசிக்குது, தேய்க்கிறேன்.”

அத்தை கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கினார். நானும் பின்னால் போனேன். தீ செம்மஞ்சளாகச் சோம்பிக் கிடந்தது. கண்ணாடியின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. எரியாத சோளம் கிண்ணத்தில் மேடிட்டுக்கொண்டிருந்தது. அவர் எதையும் தொடவில்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு. மூச்சுதான் கிடைக்கல” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி மேலேறியபோது நிலவறைக் கதவு அவர் கையிலிருந்து பறந்து சமையலறைப் பக்கம் படாரென்று திறந்துகொண்டது. யாரும் இழுக்கவில்லை. அத்தை நின்றார். அவர் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று. என் தந்தை முரசுத்தோல்போல் இழுத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உட்பக்கமாக, சூல்கொண்ட வயிறுபோல் உப்பி நின்றது. அடுத்த ஜன்னலிலும் அப்படியே. அதற்கடுத்த ஜன்னலிலும்.

அவர் மேசையிலிருந்து ரொட்டி புரட்டும் நீளக் குச்சியை எடுத்தார். நேரே ஜன்னலுக்குப் போய்த் தாளில் குத்தி, மேலிருந்து கீழாகக் கிழித்தார்.

“ஆர்டிஸ்! என்ன பண்றே?” தந்தை எழுந்துவிட்டார்.

“உன் வேலையப் பிரிக்கிறேன்.”

தாழ்ப்பாளைத் தட்டிக் கண்ணாடியை மேலே தள்ளினார். பனிக்காற்று மேசைமீது பாய்ந்து காகிதக் கைக்குட்டைகளை அடித்துக்கொண்டு போனது. என் தாய் கத்தினார்: “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வீட்ட சூடாக்கச் சொன்னா ஜன்னலத் தெறக்குறே!”

“லோவெல், கீழ போ. தீயப் பாரு.”

“முதல்ல ஜன்னல மூடு.”

“கீழ போ. நான் குடுத்த வார்த்தை உன் கண் முன்னாலன்னுதான். கண்ண எடுத்துக்கிட்டுப் போ.”

தந்தை போனார். சற்று நேரம் விசிறியின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு கீழிருந்து குரல் வந்தது: “ஏறுது.”

“எப்படி ஏறுது?”

“மஞ்சளா. துள்ளுது.”

“அங்கேயே நில்லு.” அத்தை ஜன்னலை மூடி, கிழிந்த இடத்தை மேசைவிரிப்பால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி என்னை நிறுத்தினார். “இப்ப?”

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது, விருப்பமில்லாத குரலில். “சாயுது.”

“மார்லிஸ், அந்த ஃபேன நிறுத்து.”

“மீன் நாறுமே ஆர்டிஸ்!”

“நாறட்டும். நிறுத்து.”

விசிறி நின்றது. ஜன்னல்தோறும் உப்பியிருந்த தாள் மெல்லத் தளர்ந்து தட்டையானது. யாரும் கேட்காமலே தந்தை கீழிருந்து சொன்னார்: “நிமிருது.”

அவர் மேலே வந்தபோது அத்தை வாசலை மறித்து நின்றார்.

“வீட்ட டப்பா மாதிரி நீ அடைச்சே. உள்ள இருக்கிற காத்தையெல்லாம் மார்லிஸ் ஃபேனப் போட்டு உறிஞ்சி வெளிய தள்றா. காத்துக்கு என் உலை எங்க போகும்? புகைக்குழாய் வழியாவா மூச்சு இழுக்கும்? நான் தனியா இருக்கும்போது அந்த ஃபேன் ஓடாது, அதான் அணையல. நீங்க அன்போட வர்ற அன்னைக்கெல்லாம் அணையுது.”

“உன் நல்லதுக்குத்தானே செஞ்சோம்.”

“தெரியும். அதனாலதான் தாள மட்டும் கிழிச்சேன்.”

தந்தை நிலவறைச் சுவரை மனத்தில் அளப்பவர்போல் நின்றார். “வெளிக்காத்து நேரா உலைக்கு வர்ற மாதிரி ஒரு குழாய் போடணும். பழைய நிலக்கரிச் சரிவுல ஓட்டை போட்டா போதும். நாளன்னைக்கு வர்றேன்.”

“வா. நீ அடைச்ச ஓட்டைதான்; நீயே தொற.”

“சரி. ஜன்னல் எல்லாம் மூடிதானே இருக்கு? சாப்பிடலாமா?”

அத்தை என்னை விலகச் சொல்லிவிட்டு ஜன்னலை மீண்டும் மேலே தள்ளித் திறந்தார். இம்முறை அது உலைக்காக அன்று.

“சாவி உன் பையில இருக்கு. அந்தக் குடியிருப்புக்காரிக்கு போன் பண்ணு.”

“இன்னைக்கா? பண்டிகை நாளு, ஆர்டிஸ். அப்புறமா சொல்லிக்கிறேன்.”

“அப்புறமாவே மூடிக்கிறேன்.”

என் தாய் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். “லோவெல், பேசித் தொலைங்க. மீன் ஆறுது, நான் உறையுறேன்.”

தந்தை சுவர்த் தொலைபேசியை எடுத்து எண்களைச் சுழற்றினார். பண்டிகை வாழ்த்துச் சொன்னார், தட்பவெப்பம் பேசினார், அந்த அம்மையாரின் மருமகளைப் பற்றி விசாரித்தார். எங்கள் ஊரில் யாரும் நேரே விஷயத்துக்கு வருவதில்லை. அத்தை ஜன்னல் சட்டத்தில் கைவைத்தபடி, முடியெல்லாம் காற்றில் பறக்க, காத்துநின்றார்.

“அப்புறம், அந்த ரூம் விஷயம்…” என்று தொடங்கினார் தந்தை. “எங்க அக்கா இந்தக் குளிருக்கு வரலியாம்…”

“இந்தக் குளிருக்குன்னு சொல்லாத.”

தந்தை தொலைபேசியைக் கையால் பொத்தினார். “பின்ன என்னன்னு சொல்ல?”

“வரலைன்னு சொல்லு.”

அவர் அத்தையைப் பார்த்தார். மேசைமீது தூவத் தொடங்கியிருந்த பனியைப் பார்த்தார். கையை எடுத்தார்.

“வரல” என்றார். “ரூம வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

அத்தை ஜன்னலை இறக்கித் தாழிட்டார். பிறகு விசிறியின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, மின்வடத்தைச் சுற்றி முடிந்து அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டு, மீன் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்.