கண்ணாடி இல்லாமல் ஏடு படித்த கோணாமலை அண்ணன்

என் கணவர் தவறின வருடம், வயலுக்குத் தண்ணீர் முறை யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பயிர் வாடத் தொடங்கிய மூன்றாம் நாள் விடியப் போய்ப் பார்த்தேன். எங்கள் வயல் நிறையத் தண்ணீர் நின்றது. பக்கத்து வயல் காய்ந்து கிடந்தது. அது கோணாமலை அண்ணனுடையது. தன்னுடைய முறைத் தண்ணீரை எங்கள் பக்கம் வெட்டி விட்டிருந்தார். கேட்டபோது, "நண்டு வரம்பத் துளைச்சிருக்கும் புள்ள, தண்ணி தானா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வவுணதீவுப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வயல் செய்தவர் அவர். எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்தால், ஏழு நாளும் அம்மன் கதை ஏட்டைப் படிப்பவரும் அவர்தான். நாற்பத்தைந்து வயதிலிருந்து தடித்த கண்ணாடி போட்டுத்தான் படித்தார். அறுபத்திரண்டு நடந்த வருடம், படித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். ஏட்டை உற்றுப் பார்த்தார். பிறகு வெறுங்கண்ணால், ஓர் எழுத்துத் தவறாமல் படித்து முடித்தார்.

"தாயே, அண்ணனுக்குக் கண்ணத் திருப்பிக் குடுத்திட்டியே!" என்று முதலில் கத்தியது நான்தான். இதை நான் மறைக்கக்கூடாது. என்னைப் பார்த்துத்தான் சனம் முழுவதும் கையெடுத்தது. அண்ணன் கண்ணாடியை அம்மன் காலடியில் வைத்தார். அதற்குப் பிறகு கண் நோய்க்காரர் அவருடைய கையால் திருநீறு வாங்க வரத் தொடங்கினார்கள். "நான் என்ன பூசை செய்யிற கட்டாடியாரா? போங்க போங்க" என்பார். வந்தவர்கள் போகமாட்டார்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. மாசி மாதம், அறுவடைக்குக் கிட்டிய நாள். விடியற் காலையில் வட்டை வயலுக்குப் போகிறோம். அண்ணன் முன்னால், நான் பத்தடி பின்னால். சூரியன் நேர் முகத்தில் அடித்தது.

"இவன் அடுத்த வயல் உதயரூபனுக்கென்ன விசரா? வைக்கலக் கொண்டந்து வரம்புல குவிச்சு வைச்சிருக்கான். மனிசர் எப்பிடிப் போற?" என்று ஏசிக்கொண்டே நடந்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குவியல் காதை ஆட்டியது.

கத்தினால் ஆனை திரும்பிவிடும். அம்மாளை நினைத்துக்கொண்டு, சேற்றில் சத்தம் எழாமல் அடி அடியாகப் போய் அவருடைய தோள் துண்டைப் பிடித்து இழுத்தேன். "என்னகா இது" என்று திரும்பியவர் என் முகத்தைக் கண்டார். அப்படியே பின்னால் நகர்ந்து வாய்க்காலுக்குள் இறங்கிக் குந்தினோம். அது கதிரைப் பிடுங்கித் தின்று, தன்பாட்டில் காட்டுப் பக்கம் போகும்வரை கழுத்தளவு தண்ணீரில் இருந்தோம். அண்ணன் நடுங்கின நடுக்கத்தில் தண்ணீர் அலைந்தது.

"எனக்குத் தூரத்த ஒண்டும் தெரியல்ல புள்ள. வெயில் பட்டா எல்லாம் வெள்ளப் புகை."

"எவ்வளவு நாளா அண்ணன்? ஏன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? அம்மன் தந்த கண் பழுதாப் போயிட்டெண்டா? ஒருத்தருக்கும் சொல்லிராத."

அவருடைய மனைவி ஆச்சிப்பிள்ளை அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அக்கா அவரை விடவில்லை. அடுத்த கிழமையே மூன்று பேரும் பஸ் ஏறி, டவுனில் கண் டொக்டரிடம் போனோம். சுலக்ஷனா என்று பெயர், சின்ன வயது. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"கண்ணுக்குள்ள ஒரு வில்லை இருக்கு ஐயா. நீங்க தாய்ட வயித்துக்குள்ள இருக்கக்குள்ள உண்டான இழையும் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு. பழசு கழியிறதே இல்ல. ஒவ்வொரு இழையச் சுத்தியும் மெல்லிசாக் கொழுப்பில ஒரு தோல். வயசு போகப் போக அந்தக் கொழுப்பு மாறும். இளக்கமான சாதி குறைஞ்சு, இறுக்கமான சாதி கூடும். பிறகு அதில புரதமும் போய் ஒட்டி, வெளிச்சத்தச் சிதற வைக்கும்."

"கொழுப்பா? இந்த மனிசனுக்கு அது கூடிப்போச்செண்டு நான் எத்தின வருசமாச் சொல்றன்" என்றார் அக்கா. டொக்டரே சிரித்துவிட்டார்.

"தின்னுற கொழுப்பில்ல அம்மா."

"அப்ப பிரிஜ்ஜில வைச்ச தேங்காயெண்ணெய் மாதிரியா மகள்? வெள்ளையா உறையுமே?"

"அப்பிடியெண்டு நினைச்சுக்கொள்ளுங்க. ஆனா இது வெயில்ல வைச்சா இளகாது."

அண்ணன் சிரிக்கவில்லை. "கண்ணாடியில்லாமப் படிச்சனே, அது?" என்று கேட்டார்.

"வில்லைட நடு இறுகினா, உள்ளுக்கே ஒரு கண்ணாடி போட்ட மாதிரி. கிட்ட உள்ளது கொஞ்சக் காலத்துக்குத் தெளியும். அதுதான் இந்த வெள்ளை படர்ற வருத்தத்திட தொடக்கம்."

"அப்ப அது அம்மன் தந்ததில்லையா?"

"அது எனக்குத் தெரியா ஐயா. கண்ணத்தான் எனக்குத் தெரியும். ஒப்பரேசன் செஞ்சா தூரம் நல்லாத் தெரியும். வாசிக்க மட்டும் மறுகாக் கண்ணாடி போடணும்."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவருடைய முகம் வெளிறியது. சித்திரையில் நாள் கொடுத்தார்கள். அண்ணன் போகவில்லை. கண்ணாடியோடு ஏட்டுக்கு முன்னால் இருந்தால், அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். அவரை நம்பித் திருநீறு வாங்கினவர்கள் என்ன நினைப்பார்கள்? சடங்கு முடியட்டும் என்றார். அக்கா அழுதும் பார்த்தார், ஏசியும் பார்த்தார். நான் வற்புறுத்தவில்லை. கத்தியது நான் அல்லவா, எனக்கும் பயம். சைக்கிளில் அவர் போகும்போதெல்லாம், திரும்பி வரும் மணிச்சத்தம் கேட்கும்வரை என் கை வேலையில் ஓடாது.

சடங்கின் நாலாம் நாள், பொழுது சாயும் நேரம், கோயிலுக்குப் போகும் வழியில், மேற்கு வெயில் முகத்தில் அடிக்க, எதிரே வந்த மண் டிப்பரை அவர் காணவில்லை.

அதற்கு அரை மணித்தியாலம் முந்தித்தான் வேப்பிலை ஒடிக்க எங்கள் வாசற் படலைக்கு வந்திருந்தார். உதயரூபனின் மோட்டார் சைக்கிளில் போகச் சொல்லிக் கேட்டேன், கேட்கவில்லை. "ஊருக்கு நான் சொல்றன் அண்ணன், முதல்ல கத்தினது நான்தானே. நாளைக்கே டொக்டரிட்டப் போவம்" என்றேன். வேப்பிலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே கடைசியாகச் சொன்னார்:

"அம்மனிட்ட நேத்தே சொல்லிப்போட்டன் புள்ள. அவவுக்குக் கோவமில்ல. சனத்துக்குச் சொல்லத்தான் பயமாக் கிடக்கு."