மூன்று நாள் கட்டு

சகாயமேரி குப்பைமேனி இலையை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை பச்சை. பக்கத்தில் வெந்நீரில் அலசிய துணி, ஒரு பிளாஸ்டிக் தாள், நூல்கண்டு. கணவன் இக்னேஷியஸ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது பாதத்தின் அடியில் ஒரு ரூபாய் அளவு புண். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. தரையில் கிடந்த தகரத் துண்டு செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை. சர்க்கரை வந்து பதினொரு வருஷம், பாதம் மரத்துப்போயிருந்தது.

1996இல் அண்ணனூரில் அவர்களுக்கு அடுத்த வீடு என்னுடையது. முப்பது வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் புண் கட்டியவள் நான்.

"சர்க்கரைப் புண்ணுடி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ" என்றேன்.

"நீ சும்மா இரு நர்சம்மா. நான் கண்ணால பாத்துகீறேன்."

பார்த்தது உண்மைதான். ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது அவள் வேலை. ஜெயகுமாரி என்ற ஆராய்ச்சி மாணவி அங்கே குப்பைமேனி இலையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். தட்டில் கிருமியை வளர்த்து, இலைச் சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைப்பாள். மூடி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் மறுநாள்வரை விடுவாள். தட்டெல்லாம் கிருமி படர்ந்திருக்க, வில்லையைச் சுற்றி மட்டும் சுத்தமாக ஒரு வட்டம் தெரியும். இன்னொரு சோதனையில் ஊதா நிறத் தண்ணீரில் அதே சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கும். உடம்பை உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் சத்து இலையில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று ஜெயகுமாரி விளக்கியிருந்தாள்.

"துருப் புடிக்காதாமே? அப்போ என்னிய டிங்கர் ஷாப்புல உட்டுடு, பெயிண்ட்டும் அட்ச்சிடுவான்" என்றான் இக்னேஷியஸ்.

"வாய மூடிகினு கால நீட்டு."

ஜெயகுமாரியின் சாறு வேறு. நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, சாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து எடுத்தது. ஒரு கூடை இலைக்கு ஒரு கரண்டி மிஞ்சாது. தட்டில் ரத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, சீழ் இல்லை. இதையெல்லாம் சகாயமேரியிடம் யாரும் சொல்லவில்லை.

பச்சிலையை வைத்துத் தினமும் திறந்து கழுவியிருந்தால்கூட புண் கெடுவது கண்ணில் பட்டிருக்கும். அவள் ஆய்வுக்கூடத்தில் கற்றதைச் செய்தாள். இடையில் தட்டைத் திறந்தால் சோதனை பாழ் என்பது அங்கே சட்டம். அதனால் விழுதை அப்பி, துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கி நூலால் கட்டினாள். சூடு வேண்டும் என்று கம்பளியில் பொதிந்தாள். கிருமியை வளர்க்க அந்தக் கல்லூரியில் என்ன செய்வார்களோ, அதை அப்படியே புருஷன் காலுக்குச் செய்தாள்.

அன்று மாலையே நான் வானகரத்துக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் திரும்பியபோது வாசலிலேயே நாற்றம். அந்த நாற்றத்துக்கு எனக்குப் பெயர் தெரியும். கத்தரிக்கோலால் கட்டை வெட்டினேன். விரல்கள் கறுத்திருந்தன, முழங்காலுக்குக் கீழே தொட்டால் தோலடியில் காற்று ஏறி நறநறவென்றது.

"தட்டுக்கே ஒரு நாள் ஆவுதே, காலுக்கு மூணு நாளாச்சும் வேணும்னு நாளைக்குத் தொறக்கலாம்னு இருந்தேன்" என்றாள் சகாயமேரி.

"இன்னாமே, வட்டம் வந்துகீதா?" என்றான் அவன், காய்ச்சலில் பல் கிடுகிடுக்க.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே தொடையோடு காலை வெட்டி எடுத்தார்கள். முதல் நாளே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். சேதி கேட்டு ஜெயகுமாரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள்.

"அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே" என்றாள் என்னிடம்.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றேன். பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். அவள்மேலும் முழுக் குற்றம் இல்லை. தட்டு கழுவுகிறவளுக்கு விளக்கம் சொல்வது யாருடைய வேலையும் இல்லை.

ஞானஸ்நானம் வாங்கிய உடம்பு, குப்பையில் போகக்கூடாது என்று சகாயமேரி கைநாட்டு வைத்துக் காலைக் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். மணி அடிக்கவில்லை, காலுக்கு மணி கிடையாதாம். இக்னேஷியஸின் அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் குழி வெட்டுகிற வேம்புலி கடப்பாரையோடு நின்றான்.

"பூரா ஆளுன்னா அளவு தெரியும். இதுக்கு எவ்ளோ தோண்டறதும்மா?"

"நாய் கெளறாத ஆழம்" என்றேன்.

தோண்டினான். அவளே இறங்கிக் கிடத்தினாள், ஒரு பிடி மண் போட்டாள். வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு எட்டேகால் ரயிலைப் பிடித்தாள்.