அடுப்படியில் ஏறிய இலக்கம்

காய்ச்சல் மாறிய பிறகும் என் மனைவிக்கு மணம் அறியும் புலன் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, பக்கத்திலேயே நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மணத்தை உணர்ந்து நான்தான் ஓடிப்போய் மூடினேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் என் நினைவு கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் மூன்றாம் மாடி அடுப்படியிலேயே கிடந்தது.

இணையத்தளங்கள் செய்வது என் தொழில். அதில் பிழை வந்தால் ஒரு படம் இடம் மாறித் தெரியும், திருத்திவிடலாம். வயரைத் தொட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் புறக்கோட்டையில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் காஸ் சென்சரும் வாங்கி வந்தேன். எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று யாரோ இணையத்தில் போட்டிருந்த வரைபடத்தையும் புரோகிராமையும் பார்த்துப் பொருத்தினேன். முதல் போர்டில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மெல்லிய புகையோடு அது செத்துப்போனது. இரண்டாவது வேலை செய்தது. காஸ் கூடினால் பெட்டி கத்தும், என் போனுக்கும் அளவு ஓர் இலக்கமாக வரும்.

பெட்டியைச் சுவரின் உச்சியில் மாட்டியிருந்தேன். தாளிக்கும்போதெல்லாம் கத்தியது.

"உங்கட பெட்டி கத்துதெண்டு நான் கடுகு தாளிக்காம இருக்கேலுமே?" என்றாள் மனைவி.

வரைபடத்தைப் போட்டவர்களின் இணையக் குழுவில் கேட்டேன். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கீழேதான் தேங்கும், பெட்டியை நிலத்துக்குக் கிட்ட வையுங்கள் என்று முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். சிலிண்டருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தேன். கத்துவது குறைந்தது. ஆனால் அதற்குள் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. சத்தம் வரும் துளையில் டேப் ஒட்டிவிட்டாள்.

ஒரு முற்பகல் நகரின் மறுபக்கத்தில், கொட்டாஞ்சேனையில் நகைக்கடைக்காரர் ஒருவருக்கு அவருடைய புதிய தளத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தாளிப்பென்றால் இலக்கம் சட்டென்று ஏறி இறங்கிவிடும். இது மெதுவாக ஏறியது. இறங்கவில்லை.

மனைவிக்குப் போன் எடுத்தேன். மணி போனது, பதில் இல்லை. மறுபடியும் எடுத்தேன். காலி வீதி நெரிசலில் நான் போய்ச் சேர ஒரு மணித்தியாலமாவது ஆகும். தேத்தண்ணிக்கு அவள் அடுப்பை மூட்ட ஒரு நிமிடம் போதும்.

எதிர்வீட்டு முஸ்லிம் பெண்ணை நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எடுத்தேன்.

"ராத்தா, எங்கட வீட்டில காஸ் லீக்காகுது போல. பெல் அடிக்காதேங்கோ, கதவைத் தட்டுங்கோ. சுவிட்ச் ஒண்டையும் தொட வேண்டாம்."

"சரி தம்பி. நீங்க போனை வெக்க வேணாம்."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். பிறகு இன்னும் பலமாக.

"வாசல்லயே மணக்குது தம்பி," என்றார். நகைக்கடைக்காரர் ஏதோ கேட்டார். நான் எழுந்து நின்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். இலக்கம் ஏறிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. என் மனைவி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வெளிய வாங்க புள்ள, முதல்ல வெளிய வாங்க," என்று ராத்தா அவளை இழுத்து, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையப்பா," என்றாள்.

"நீர் கீழ இறங்கும்," என்றேன்.

"ராத்தா உள்ளுக்கு நிக்கேக்க நான் எப்பிடி இறங்கிறது?"

இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா சிலிண்டரை மூடி, யன்னல்களைத் திறந்திருக்கிறார். இலக்கம் நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

அடுப்புக்குப் போகும் குழாயில் வெடிப்பு. புதிது மாற்றினோம். பகல் சாப்பாடு ராத்தா வீட்டில். டேப்பை மனைவியே உரித்தாள்.

பின்னேரம் பெட்டி அனுப்பிய பதிவுகளைத் திறந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. காலையில் வைஃபை விட்டுப்போய், அது திரும்பும்வரை நெடுநேரம் எதுவும் வரவில்லை. போன் பேசாமல் இருந்ததால் எல்லாம் நல்லபடி இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போயிருக்கிறேன். பெட்டியிலிருந்து செய்தி வராவிட்டாலும் போன் கத்தும்படி புரோகிராமை மாற்றி எழுதி, மற்றவர்களும் எடுக்கட்டுமென்று குழுவிலும் போட்டேன்.

இப்போது கரண்ட் போய்ப் பெட்டி நின்றாலே போன் அலறுகிறது. கூட்டத்தின் நடுவிலும் எழுந்து வெளியே போய் அவளுக்கு எடுப்பேன்.

"கரண்ட் போயிட்டுதப்பா, வேற ஒண்டுமில்லை," என்பாள்.

அதை அவள் சொல்லி முடிக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.