வீட்டுப் பாத்தி

எழுபதுகளின் கடைசியில் ஆண்டிமடத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்தது. அப்போது முப்பது வயது முடிந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். திருச்சியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். கல்யாணப் பேச்சு வந்து வந்து தட்டிப்போய், பிறகு வருவதே நின்றுவிட்டிருந்தது. வேலைக்கு ஆர்டர் வந்த அன்று அண்ணி முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன வீட்டில் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆண்டிமடத்தில் ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கத்தைத் தடுத்து எனக்கு வாடகைக்கு விட்டது. ஓர் அறை, புகை போக வழியில்லாத ஒரு சமையலறை, கொல்லைக்குத் திறக்கும் ஒரு கதவு. புருஷனும் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வீட்டம்மா என்னைவிடச் சின்னவள். என்னை 'ஆபீஸக்கா' என்று கூப்பிடுவாள். அதில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் தூரமும் இருந்தது.

தடுப்புச் சுவர் கூரை வரை எழும்பவில்லை. அதனால் அவர்கள் பேசுவது, பாத்திரம் வைப்பது எல்லாம் எனக்குக் கேட்கும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அந்தப் பக்கம் தட்டுகள் வரிசையாகத் தரையில் உட்காரும் சத்தம் வரும். யாருக்குக் குழம்பு, யாருக்கு ரசம், யார் யாரைக் கிள்ளினான் என்று ஒரே சளசளப்பு. நான் இந்தப் பக்கம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று தட்டை மெதுவாக வைப்பேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அவர்களுக்கு முந்திரித் தோப்பு கொஞ்சம் இருந்தது. பம்புசெட் உள்ள வயலில் கத்தரி போடுவார்கள். பறிப்பு நாட்களில் விடியும் நேரத்தில் வாசலில் கூடைகள் நிற்கும். ஜெயங்கொண்டம் பஸ்ஸின் மேலே ஏற்றுவார்கள். வெள்ளை வரி ஓடிய கத்தரிக்காய், எண்ணெய் தடவின மாதிரி மின்னும். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே வந்த நான், "இதுல எனக்குக் கால் கிலோ குடேன், காசு தந்துடறேன்" என்றேன்.

வீட்டம்மா கூடையின் மேல் கோணியை இழுத்துப் போட்டாள். "இது வேணாங்கக்கா. சந்தைக்கு வெச்சது."

இன்னொரு நாளும் கேட்டேன். "அப்புறம் பாக்கலாங்கக்கா" என்று உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. குடித்தனக்காரிக்குக் கொடுத்துப் பழக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறாளோ, அல்லது வேறு ஏதாவது வித்தியாசம் பார்க்கிறாளோ என்று மனசு என்னென்னவோ நினைத்தது. கேட்டிருக்கவே வேண்டாம் என்று வெட்கமாகவும் இருந்தது. சந்தை நாளன்று ஆபீஸ் விட்டு வரும்போது அதே வரிக்கத்தரியை வியாபாரியிடம் வாங்கிக்கொள்வேன். ஒரு பொத்தல் இல்லாத காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவேன். காய் பொறுக்கத் தெரிந்தவள் என்று எனக்கு என்மேல் ஒரு பெருமைகூட உண்டு.

அந்தக் கோடையில் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் பம்புசெட்டுக்கு வரச் சொன்னாள் வீட்டம்மா. அன்றுதான் முதல்முறை அவர்கள் வயலுக்குப் போனேன். வரப்பில் ஏறும்போதே வாடை அடித்தது. அழுகின பூண்டு மாதிரியும் இருந்தது, மண்ணெண்ணெய் மாதிரியும் இருந்தது. வீட்டுக்காரர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். கத்தரி இலைகளிலிருந்து அது சொட்டிக்கொண்டிருந்தது. காய்களின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

வீட்டம்மா வாய்க்கால் ஓரமாகக் குனிந்து மடியில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். அங்கே தனியாக ஒரு சின்னப் பாத்தி. அதிலும் கத்தரிதான். ஆனால் இலையெல்லாம் சல்லடை. காய்கள் கோணலும் மாணலுமாக இருந்தன.

"இது என்ன, தனியா?" என்றேன்.

"வூட்டுக்குங்கக்கா. இதுக்கு மருந்தடிக்கிறதில்ல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்தவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

"அங்க எப்பப் பறிப்பு?" என்று மருந்தடித்த வயலைக் காட்டிக் கேட்டேன்.

"நாளைக்கி."

"நான் அதத்தானே சந்தையில வாங்கித் திங்கிறேன்."

அவள் மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதாங்கக்கா, நீங்க கேட்டப்ப வேணாம்னேன். எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. மருந்தடிங்க மருந்தடிங்கன்னு கெவுருமெண்டுலதானே சொல்றாங்க. நீங்களும் ஆபீஸுக்காரவங்க. சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு பாத்தேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. பயிருக்கு எப்போது எந்த மருந்து தெளிக்க வேண்டும் என்று எங்கள் ஆபீஸிலிருந்து போகும் அறிவிப்புகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். எழுத்துப்பிழை வராமல் அடித்தேனே தவிர, அந்த மருந்து என் தட்டுக்கு வரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

வீட்டுக்காரர் ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு வந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே பேசினார். கோபமாகப் பேசவில்லை.

"ஏங்கம்மா, ஓட்டை விழுந்த காய யாரு வாங்குவா? நீங்க வாங்குவீங்களா? ஏவாரி கூடையோட தள்ளிட்டுப் போயிடுவான். டவுனுல கேக்குறதே பளபளன்னு இருக்கணும்னுதான். இந்தப் பாத்தியில பாதிய புழு திங்குது, பாதிய நாங்க திங்கிறோம். வயலு பூரா இப்புடி வுட்டா எம்புள்ளைங்க எதத் திங்கும்?"

பொத்தல் காயை ஒதுக்கித் தள்ளுகிறவர்களில் நானும் ஒருத்தி. மருந்தடித்த நாட்களில் அவருக்குத் தலைவலி வந்து சோறு இறங்காமல் படுத்துவிடுவார் என்பதும், அவள் மோர் கரைத்துக் கொடுத்துக் கெஞ்சுவாள் என்பதும் சுவர் வழியாக எனக்குத் தெரிந்ததுதான். அவர் யாரையும் ஏமாற்றிச் சம்பாதித்த மனுஷர் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் வேறு காய் இல்லை. சந்தையில் வாங்கியிருந்ததைக் கழுவி, மறுபடி கழுவி, பொரியல் செய்து சாப்பிட்டேன். பயம் அவ்வளவு இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தரிக்காய், இந்தப் பக்கம் ஒரு கத்தரிக்காய். நடுவில் இருந்தது ஒரு செங்கல் கனம்தான். ஊருக்கு வந்து இவ்வளவு நாளாகியும் நான் 'சந்தைக்கு' என்கிற பக்கத்தில் இருந்தேன். அதுதான் உறுத்தியது.

மறுநாளிலிருந்து என் கொல்லைக் கதவுப் படியில் நாலு கத்தரிக்காய் இருக்கத் தொடங்கியது. வீட்டம்மா சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாள் போயிருக்கும். "பாத்தியில காய்க்கிறதே நமக்குப் பத்தல, நீ பாட்டுக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தா எப்புடி?" என்று அந்தப் பக்கம் அவர் சொல்வது கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். கூரை வரை எழும்பாத சுவர் அதை மறைக்கவில்லை.

காலையில் அவளிடம், "எனக்கு வேணாம்மா, அதுக்குப் பதிலா கொல்லையில கொஞ்சம் இடம் குடு, நானே போட்டுக்கறேன்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்றுக் கொண்டுவந்து, குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் அவளே நட்டுக் கொடுத்தாள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிக்கச் சொன்னாள். அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னாள். "அப்பயும் புழு வரத்தாங்கக்கா செய்யும். பொறுக்கிப் போடணும்" என்றாள்.

பொறுக்கிப் போட்டேன். ஆபீஸுக்குக் கிளம்பும் முன்னால் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். புழு துளைத்துத் துவண்ட நுனியைக் கிள்ளி நசுக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில், செடியில் புழுவைப் பார்த்து "சீ" என்று சொல்லும்போதுதான் அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது தெரியவரும். என் குரலே எனக்குக் கரகரப்பாக இருக்கும்.

காய்க்க ஆரம்பித்ததும் ஒரேயடியாகக் காய்த்தது. ஒருத்தி எவ்வளவு தின்ன முடியும்? ஆபீஸில் கொடுத்தேன். பக்கத்து மேஜைக்காரர் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் தயங்கித் தயங்கி, "வீட்ல புழுவப் பாத்துட்டாங்க மேடம்" என்றார். மாட்டுக்குப் போட்டுவிட்டார்களாம். அதற்குப் பிறகு ஆபீஸில் யாரும் என் பையை எட்டிப் பார்க்கவில்லை.

பொங்கல் லீவுக்குத் திருச்சிக்குக் கிளம்பும்போது நல்லதாகப் பறித்து ஒரு பை நிறையக் கட்டினேன். பஸ்ஸில் அரியலூர் வந்து ரயில் பிடித்தேன். வழி முழுக்க நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இந்தக் காயைப் பற்றி அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. எனக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. ரொம்ப நாளாக அப்படி ஒன்று இருந்ததில்லை.

அண்ணி அரிவாள்மணையில் உட்கார்ந்து முதல் காயை அரிந்தாள். புழு. அடுத்ததிலும் இருந்தது. காயை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "இதையா அவ்வளவு தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தே? இங்க மார்க்கெட்ல நல்லதாவே கிடைக்குமே."

"இது மருந்தடிக்காதது அண்ணி. கடையில இருக்கிறதெல்லாம் முந்தின நாள் மருந்தடிச்சுட்டு மறுநாள் பறிக்கிறது. நான் கண்ணால பாத்தேன்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன், "இந்தக் காலத்துல மருந்தடிக்காம எது வெளையுது?" என்றான். "அரிசிக்கு அடிக்கலையா? அதையும் விட்டுடுவியா? ரேஷன் கடையில நின்ன காலமெல்லாம் மறந்துபோச்சா? கழுவித் தின்னா ஒண்ணும் ஆகாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சின்ன வயதில் அரைவயிற்றோடு படுத்தவர்கள் நாங்கள். புழு இல்லாத பக்கங்களை அரிந்தெடுத்து நானே தனியாக வதக்கினேன். அண்ணன் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். குழந்தைகள் தட்டை நகர்த்திக்கொண்டார்கள். மீதியை நான் சாப்பிட்டேன். அண்ணி கெட்டவள் இல்லை. நான் கிளம்பும்போது பையைத் துவைத்து, அதில் முறுக்குப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வருஷமும் செடி போட்டேன். எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. அங்கே மண் கிடையாது, குழாய்த் தண்ணீர்கூடக் கணக்குதான். மறுபடி கடைக்காய். ஆரம்பத்தில் உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துச் சமைத்தேன். பிறகு அவசரத்தில் அதுவும் விட்டுப்போனது. மருந்து வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதும் நின்றுபோனது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், கதவைப் பூட்டிக்கொண்டு போனால் பூட்டைத் திறக்கத்தான் வருவார்கள். ஆண்டிமடத்திலாவது சுவர் வழியாகச் சத்தம் வரும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வீட்டம்மா. இளைத்திருந்தாள். பக்கத்து ஊரில் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், பார்க்க வந்தவள் ஆண்டிமடம் ஆபீஸில் கேட்டு வைத்திருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பை என் கையில் வைத்தாள்.

கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தேன். காலையில் செய்தது கத்தரிக்காய்க் கூட்டு மட்டும்தான். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றேன்.

"கடைக்காய்தான்" என்றேன்.

"போடுங்கக்கா. எங்க வூட்லயும் இப்ப அதான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். கத்தரி போடுவதை விட்டுவிட்டார்களாம். எவ்வளவு அடித்தாலும் புழு சாகவில்லை, மருந்துக்கே வந்த காசெல்லாம் போனது. வீட்டுக்காரருக்கு அடிக்கடி தலைசுற்றல், குனிந்து நிமிர முடியவில்லை. வயலில் கரும்பு வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் ஓரத்துப் பாத்தியும் கரும்புக்குள் போய்விட்டது.

"முந்திரிக்கும் பூக்குறப்ப அடிக்கிறோங்கக்கா இப்ப. கூலிக்கு ஆளு வெச்சு. அவரு போறதில்ல." ஒரு கவளம் உருட்டினாள். "அந்தப் பாத்திக்காவது கொஞ்சம் எடம் வுடுங்கன்னு கேட்டேன். கேக்கல."

இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கவா என்று கேட்டேன். தட்டை நீட்டினாள். நானும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆண்டிமடத்தில் அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழே இருந்தும் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஜன்னலோர இடம் கிடைத்ததும், "ஒரு நா வந்துட்டுப் போங்கக்கா. நீங்க இருந்த எடம் சும்மாதான் கெடக்கு" என்றாள். வருகிறேன் என்றேன். பஸ் புறப்பட்டுத் திரும்புகிற வரை நின்றேன். சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அப்படியே ஆபீஸுக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினேன்.